மிஞ்சிய இரண்டு சொற்கள்

இருபத்திரண்டு வருடம் நான் பஸ் கண்டக்டராக இருந்தேன். ஐயப்பன்தாங்கல் டிப்போ. பூந்தமல்லியில் கிளம்பி போரூர், வடபழனி வழியாக நகரத்துக்குள் போகும் தடம். அந்த வேலையில் பேச்சு மூச்சு மாதிரி. எவ்வளவு செலவாகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. நிறுத்தங்களின் பெயரைச் சொல்வேன், படியில் தொங்குகிறவர்களை மேலே ஏறச் சொல்வேன், ஏறியவர்களை உள்ளே போகச் சொல்வேன். வீட்டுக்கு வந்ததும் வாயைத் திறக்கப் பிடிக்காது. என் மனைவிக்கு அதில் ஒரு குறை உண்டு. ஊர் முழுக்கக் கத்திவிட்டு வந்து இங்கே ஊமை மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பாள். பிற்பாடு அவள் அந்த ஊமை என்ற சொல்லை ஒருநாளும் சொன்னதில்லை.

கொரோனாவின் இரண்டாவது அலை வந்தபோதும் பஸ்கள் சில வாரம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. டிக்கெட் கிழிக்க விரலை நாக்கில் தொடும் பழக்கத்தை விட்டுவிட்டு, ஒரு பாட்டில் மூடியில் நனைத்த ஸ்பஞ்சை வைத்துக்கொண்டேன். அப்படியும் வந்தது. முழு ஊரடங்கு போட்டு வண்டிகளை எல்லாம் டிப்போவுக்குள் வரிசையாக நிறுத்திய இரண்டாம் நாள் எனக்குக் காய்ச்சல்.

காட்டுப்பாக்கத்தில் மாடி வீடு எங்களுடையது. வாடகைக்குத்தான். இரண்டு அறை, ஒரு சமையலறை. பிள்ளைகள் இல்லை. அவள் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் ரப்பர் வாஷர்களில் நல்லது கெட்டது பிரிக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. அதனால் எனக்கு முன்னறை, அவளுக்கு உள்ளறை என்று பிரித்துக்கொண்டோம். நடுவாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அவள் தட்டை அதன்மேல் வைத்துவிட்டு நகர்வாள். நான் போய் எடுத்துக்கொள்வேன். கல்யாணமாகி அத்தனை வருடத்தில் அந்த நாட்களில்தான் ஒருவரை ஒருவர் தூரத்திலிருந்து முழு உருவமாகப் பார்த்தோம் என்று நினைக்கிறேன். அவள் கொஞ்சம் கூன் போட்டிருந்தாள். வாஷர் மேஜையின் முன்னால் குனிந்து குனிந்து வந்தது.

காய்ச்சல் பெரிதாக இல்லை. வாசனை மட்டும் போய்விட்டது. நாள் முழுக்கத் தூக்கமும் விழிப்பும் கலந்து கிடந்தன. பெரிய சாலையில் வண்டிச் சத்தமே இல்லாததால் தூரத்துக் குயில் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து கூவுவதுபோல் இருந்தது. கண்ணை மூடினால் பஸ் ஓடும். பயணிகள் எல்லாரும் மாஸ்க் போட்டிருப்பார்கள். யாரும் எந்த நிறுத்தத்திலும் இறங்கமாட்டார்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்குள் வண்டி மெதுவாக இறங்கும், படிவரைக்கும் தண்ணீர் வரும், டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஓட்டிக்கொண்டிருப்பார். விழித்தால் நாற்காலியின் மேல் கஞ்சி ஆறிக்கொண்டிருக்கும்.

தினமும் காலை எட்டு மணிக்கு முன்பாக ஒரு போன் வரும். சுகாதாரத் துறையிலிருந்து, வீட்டில் தனிமையில் இருப்பவர்களை விசாரிக்கும் பெண். இருமல் எப்படி, காய்ச்சல் எப்படி, ஆக்சிஜன் எவ்வளவு, இந்த மூன்றுதான் கேட்பாள். இளம் குரல், சளி பிடித்த குரல். விரலில் மாட்டும் கருவியைப் பார்த்து எண்ணைச் சொல்வேன். சரி சார், தண்ணி நிறையக் குடிங்க என்று வைத்துவிடுவாள். ஒருமுறை, ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் பேசுகிறாய் என்று கேட்டேன். எண்ணுவதில்லை சார் என்றாள்.

ஒன்பதாம் நாள். காய்ச்சல் விட்டு இரண்டு நாளாகியிருந்தது. மனைவி காபியை வைத்துவிட்டுப் போனாள். ஜன்னல் வழியாக வெயில் ஒரு பாய் அகலத்துக்குத் தரையில் விழுந்திருந்தது. கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எடுக்கலாம் என்று நினைத்தேன். வலது கை வரவில்லை.

வலி ஒன்றும் இல்லை. கை மடியில் கிடந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிச் சாய்ந்து அவர் கை நம்மேல் விழுந்து கிடக்குமே, அப்படி. அவரை எழுப்பாமல் எடுத்து அவர் மடியிலேயே வைத்துவிடலாமா என்று யோசித்தேன். வெயிலில் தூசு பறந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தூசும் தனித்தனியாக, நிதானமாக, எங்கேயோ போக வேண்டியதுபோல் போயிற்று. தலைக்குள் இருபத்திரண்டு வருடமாக ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒரு இன்ஜினை யாரோ அணைத்துவிட்டார்கள். அப்பேர்ப்பட்ட அமைதியை நான் அதற்கு முன்னும் அறிந்ததில்லை, பின்னும் இல்லை. பயமே வரவில்லை. இதை எழுதக்கூட எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

போன் விடாமல் அடித்தது. இடது கையால் எடுத்தேன். அந்தப் பெண்தான்.

"சார், இன்னைக்கு ஆக்சிஜன் எவ்ளோ?"

தொண்ணூற்றேழு என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். அந்தப் பக்கம் சத்தம் இல்லை. பிறகு சார் என்றாள். மறுபடியும் சொன்னேன். என் காதுக்குச் சரியாகவே கேட்டது. உங்க பேர் சொல்லுங்க சார் என்றாள். பெயர் என்று ஒன்று எனக்கு இருப்பது தெரிந்தது. அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியவில்லை. நான் தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் வைத்துவிட்டாள்.

உடனே சமையலறையில் என் மனைவியின் போன் அடித்தது. படிவத்தில் இரண்டாவது எண்ணாக அவளுடையதைக் கொடுத்திருந்தோம். எட்டு நாளாகத் தினம் ஒரு நிமிடம் என் குரலைக் கேட்ட அந்தப் பெண், ஒன்பதாம் நாள் அது என் குரலாக இல்லை என்று கண்டுபிடித்துவிட்டாள். முகம் பார்க்காதவள்.

மனைவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். ஸ்பீக்கரில் அந்தப் பெண் சொல்லச்சொல்ல இவள் செய்தாள். சிரிக்கச் சொன்னாள், சிரித்தேன். முகத்தில் பாதிதான் சிரித்ததாம். இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். ஒன்று தூங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஆம்புலன்ஸுக்கு போன் போடுங்க, ஆனா அதுக்காகக் காத்திருக்காதீங்க. இன்னா வண்டி கெடைக்குதோ அதுல ஏத்துங்க. மணி எவ்ளோன்னு பாத்து வெச்சிக்கோங்க. டாக்டர் அதத்தான் மொதல்ல கேப்பாங்க."

கீழ்வீட்டுக்காரர் குடிதண்ணீர் கேன் போடுகிறவர். சொந்தமாக ஒரு குட்டியானை சரக்கு வண்டி வைத்திருந்தார். எங்களுக்கும் அவருக்கும் கேன் கொடுக்கல் வாங்கலைத் தாண்டிப் பழக்கமில்லை. மனைவி படிக்கட்டிலேயே நின்று, இவருக்குக் கொரோனா, இப்போது கை கால் விழுந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். அவர் ஒரு அடி பின்னால் போவார் என்று எதிர்பார்த்தாளாம். அவர் வீட்டுக்குள் போனார். அவ்வளவுதான், கதவைச் சாத்திக்கொள்வார் என்று நினைத்திருக்கிறாள். இரண்டு மாஸ்க்கும் அதன்மேல் பைக் ஹெல்மெட்டுமாக, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் வெளியே வந்தார்.

என் நினைவில் அது இப்படி இருக்கிறது: தலைக்குப் பதிலாகக் கறுப்புப் பளபளப்பு உள்ள ஒருவர் என்னிடம் குனிந்தார். அதில் என் முகம் சின்னதாக, கோணலாகத் தெரிந்தது. "அண்ணாத்தே, கழுத்தப் புட்சிக்கோ" என்றது ஹெல்மெட். இடது கையால் பிடித்துக்கொண்டேன். மாடிப்படி எங்களுக்குக் கீழே ஒன்றொன்றாகப் போயிற்று.

நிரப்புவதற்காகக் காலிக் கேன்களை வண்டியில் ஏற்கெனவே ஏற்றி வைத்திருந்தார். இறக்க நேரமில்லை. நடுவில் இடம் பண்ணி மெத்தையைப் போட்டு என்னைப் படுக்க வைத்தார்கள். இரண்டு பக்கமும் கேன்கள் அடுக்கடுக்காக. வெயில் அவற்றின் வழியாக இறங்கியபோது எல்லாமே நீலமாகிவிட்டது. என் சட்டை, மனைவியின் முகம், தூங்கும் கை எல்லாம் நீலம். வண்டி குலுங்கும்போது கேன்கள் ஒன்றையொன்று மெல்ல முட்டிக்கொண்டன. கனவில் போன அதே ஏரிக்குள் இப்போது நிஜமாகவே வந்துவிட்டேன் என்று நினைத்தேன். இவ்வளவு நல்லதாக இருக்கும் இடத்தில் இவள் ஏன் அழுகிறாள் என்று புரியவில்லை. அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தக் காலை என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் வலது காலாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் ஆஸ்பத்திரியின் கேட்டிலேயே படுக்கை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸ்கள் உள்ளே இருந்தவர்களோடு அப்படியே வெயிலில் வரிசையாக நின்றிருந்ததை மனைவி பார்த்தாள். கேன்காரர் வண்டியைத் திருப்பி, பைபாஸ் பக்கம் இருந்த இன்னொன்றுக்கு விட்டார். அங்கே எடுத்துக்கொண்டார்கள். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, எத்தனை மணிக்கு ஆயிற்று என்பதுதான். மனைவி போனைத் திறந்து அந்தப் பெண்ணிடமிருந்து வந்த அழைப்பைக் காட்டினாள். ஏழு நாற்பத்து மூன்று. டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, இன்னும் நேரம் இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிக்கொண்டே ஓடினாராம்.

தலையை ஸ்கேன் பண்ணினார்கள். மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் ஒன்றில் இடது பக்கம் ரத்தக் கட்டி அடைத்திருந்தது. இந்தத் தொற்று சிலருக்கு ரத்தத்தை உறையவைக்கிறது, காய்ச்சல் லேசாக இருந்தவர்களுக்கும் இப்படி வருகிறது, அந்த வாரத்தில் நான்தான் முதல் ஆள் என்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் விளக்கினார். கட்டியைக் கரைக்கும் ஊசியைக் குறிப்பிட்ட நேரத்துக்குள் போட்டால்தான் பயன். அதில் ஆபத்தும் உண்டு, கையெழுத்துப் போடுங்கள் என்றார். மனைவி போட்டாள். பிறகு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அவளை வெளியே நிறுத்திவிட்டார்கள்.

எத்தனை நாள் அரைத்தூக்கத்தில் இருந்தேன் என்று சரியாகத் தெரியாது. வெள்ளை உடுப்புக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி இருந்தார்கள். முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தது. எழுத்துகளைப் பார்த்தேன், எறும்புகளைப் பார்ப்பது மாதிரி. கால் மெதுவாகத் திரும்பி வந்தது. கையில் தோள்வரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. ஒருநாள் தண்ணீர் வேண்டும்போல் இருந்தது. வாயைத் திறந்தேன்.

"உள்ள போ" என்றேன்.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது. மறுபடியும் முயன்றேன். உள்ள போ. தலையணை சரியில்லை என்று சொல்லப் போனேன். உள்ள போ. வலிக்கிறதா என்று கேட்டார்கள். உள்ள போ, உள்ள போ. எத்தனை லட்சம் முறை சொல்லியிருப்பேனோ, மற்ற சொற்கள் எல்லாம் இறங்கிப் போன பிறகும் அந்த இரண்டு மட்டும் படியைப் பிடித்துக்கொண்டு நின்றன. அந்தச் சமயத்தில் ஊர் முழுக்க எல்லாரும் எல்லாரையும் பார்த்துச் சொன்னதும் அதுதான். தெருவில் நிற்காதே, உள்ளே போ. அதனால் என்னை யாரும் விசித்திரமாகப் பார்க்கவில்லை. நோய்க்குப் பயந்த ஆள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

நடக்க ஆரம்பித்த நாளில் ஒரு நர்ஸ் என்னைத் தோளில் தாங்கி முதல் மாடி ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கீழே கேட்டுக்கு வெளியே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் என் மனைவி நின்றிருந்தாள். தினமும் காலையில் கேன் வண்டியில் வந்து இறங்கி, சாயங்காலம் அதே வண்டியில் திரும்பிக்கொண்டிருக்கிறாள் என்று நர்ஸ் சொன்னார். அவருடைய போனிலேயே அவளைக் கூப்பிட்டு என் காதில் வைத்தார்.

"சாப்டீங்களா?" என்றாள். மரத்தடியில் அவள் வாய் மாஸ்க்குக்குள் அசைவது தெரியவில்லை. குரல் மட்டும் பக்கத்தில் இருந்தது. "நான் இங்கதான் கீறேன். தெரியுதா?"

போகாதே என்று சொல்ல வேண்டும் எனக்கு. அங்கேயே நில், போய்விடாதே என்று. உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் திரட்டிச் சொன்னேன்.

"உள்ள போ."

அவள் கொஞ்ச நேரம் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயிலும் கூட்டமுமான இடத்தில் நிற்கிறோம், இவருக்கு அது பிடிக்கவில்லை என்று புரிந்துகொண்டாள். சரிங்க, போறேன் என்றாள். மரத்தடியை விட்டு நடந்தாள். அவள் முதுகைப் பார்த்து, உள்ள போ, உள்ள போ என்று கத்தினேன். அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

அதன் பிறகு மூன்று நாள் மரத்தடி காலியாக இருந்தது. ஜன்னலருகில் உட்கார வைக்கச் சொல்லி இடது கையால் சைகை காட்டுவேன். மரத்தின் இலைகள் மாலையில் மூடிக்கொள்ளும்வரை பார்ப்பேன். இனிமேல் நான் யாரிடமும் போய்ச் சேர மாட்டேன் என்று தோன்றிற்று. வாழ்க்கையில் முதல்முறையாக அன்றுதான் பயந்தேன். அதுவரை தண்ணீருக்கு அடியில் இருந்ததுபோல் இருந்தது, அன்று தலை வெளியே வந்துவிட்டது.

அந்த நர்ஸ் ஆவடியிலிருந்து வருகிறவர். நாற்பது வயது இருக்கலாம். அந்த வெள்ளை உடுப்பின் முகத்திரைக்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி எப்போதும் ஆவி படிந்திருக்கும். நான்காம் நாள் அவர் எனக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தார். போதும் என்று சொல்ல நினைத்து, உள்ள போ என்றேன். அவர் ஸ்பூனைக் கீழே வைத்தார். இன்னொரு தடவை சொல்லுங்க என்றார். சொன்னேன்.

"அண்ணே, நீங்க கண்டக்டரா?"

நான் அழ ஆரம்பித்தேன். அவரும் சிரித்தபடி கண்ணாடியைத் துடைக்க வழியில்லாமல் நின்றார். உடனே என் மனைவிக்குப் போன் போட்டார். உங்கள் வீட்டுக்காரர் எதற்கும் இதைத்தான் சொல்கிறார், தண்ணீர் கேட்டாலும் இதுதான், தூக்கம் வந்தாலும் இதுதான், அன்றைக்கு உங்களைப் போகச் சொல்லவில்லை அக்கா என்று சொன்னார். அந்தப் பக்கம் மனைவி என்ன சொன்னாள் என்று எனக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிடத்தில் மருந்துக் கடையின் தகரப் பந்தலுக்குள்ளிருந்து அவள் வெளியே வந்தாள். மூன்று நாளும் அங்கேதான் இருந்திருக்கிறாள். நான் உள்ளே போகச் சொன்னதால் உள்ளே போய், என் கண்ணில் படாத இடத்தில் நின்று என் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மரத்தடிக்கு வந்து இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினாள். டிப்போவில் பஸ்ஸைப் பின்னால் எடுக்க உதவுகிறவர் மாதிரி இருந்தது.

சுகாதாரத் துறைப் பெண் பத்தாம் நாள் மனைவியை அழைத்து, வழக்கமான மூன்று கேள்விகளை விட்டுவிட்டு என்னைப் பற்றிக் கேட்டாளாம். ஊசி போட்டாகிவிட்டது என்றதும் நல்லது அக்கா என்று சொல்லி வைத்திருக்கிறாள். பதினான்கு நாள் முடிந்ததும் அழைப்பு நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்தபின் மனைவி அந்த எண்ணுக்குப் போட்டுப் பார்த்தாள். வேறு யாரோ எடுத்து, அவர் இப்போது இங்கே வேலையில் இல்லை என்றார்கள். அவளுக்கு நன்றி சொல்ல எங்களுக்கு வாய்க்கவேயில்லை.

வீட்டில் முதலில் வந்த சொல் "சூடு". மனைவி என்னை ஸ்டூலில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முதல் குவளை முதுகில் பட்டதும் வாயிலிருந்து அதுவாகவே விழுந்தது. அவள் கை அப்படியே நின்றது. "இன்னா சொன்னீங்க?" சூடு என்றேன். அடுத்த நாளும் அதற்கு அடுத்த நாளும் வேண்டுமென்றே தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகவே காய்ச்சி வைத்தாள். நானும் சளைக்காமல் சூடு, சூடு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். முதுகு சிவந்துவிட்டது.

பேச்சுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் பூந்தமல்லி போனோம். பயிற்சி தந்த அம்மா என் வேலையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, உங்கள் பஸ் கிளம்பிவிட்டது, முதல் நிறுத்தத்தைச் சொல்லுங்கள் என்று அவரே பூந்தமல்லி என்று எடுத்துக்கொடுத்தார். கரையான்சாவடி என்றேன். குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், ஐயப்பன்தாங்கல், போரூர், வளசரவாக்கம். வண்டி நிற்காமல் போயிற்று. வடபழனி வந்தபோது எனக்கு வியர்த்திருந்தது. ஆனால் உங்கள் வீடு எங்கே என்று தனியாகக் கேட்டபோது சொல்ல முடியவில்லை. பூந்தமல்லியில் ஏறி, இரண்டு நிறுத்தம் தாண்டி வந்துதான் காட்டுப்பாக்கத்தில் இறங்க முடிந்தது. பல மாதம் அப்படித்தான் பேசினேன். வியாழக்கிழமை என்று சொல்ல ஞாயிற்றிலிருந்து கிளம்புவேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு, நான் வந்து சேரும்வரை நின்று கேட்பாள். வீட்டில் பேசாத மனிதனை இப்படி ஒவ்வொரு சொல்லுக்கும் காத்திருந்து கேட்க வேண்டியதாகிவிட்டதே என்று ஒருநாள் அவளாகவே சொல்லிச் சிரித்தாள்.

அடுத்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பஸ் பிடித்துச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போனோம். மழைக்காலம் முடிந்து தண்ணீர் தளும்ப நின்றது. எதிர்க்கரை புகைபோல் இருந்தது. கிடங்குகளின் வெள்ளைக் கூரைகள் மட்டும் தண்ணீரில் மிதப்பதுபோல் தெரிந்தன. என் பேச்சு அதற்குள் ஓரளவு கூடியிருந்தது, சொற்களுக்கு நடுவே மேடு பள்ளம் இருந்தாலும். நெடுநாளாக நெஞ்சில் கிடந்ததை அன்று சொன்னேன். அந்தக் காலையில் எனக்குப் பயமே இல்லை, வலியில்லை, சொன்னால் தப்பாக நினைக்காதே, நன்றாக இருந்தது, நீ அழுததுகூட எனக்குப் புரியவில்லை என்றேன். இதைச் சொல்லி முடிக்க எனக்கு நிறைய நேரம் பிடித்தது. அவள் குறுக்கே எதையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒங்களுக்குள்ள இன்னா நடக்குதோ, எவ்ளோ வலிக்குதோன்னு நெனச்சி நெனச்சித்தான் நான் செத்துகினு இருந்தேன்" என்றாள் பிறகு. "அப்போ வலிக்கலியா?"

"இல்ல."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல."

சொல்ல வாய் ஏது என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், வெகு நேரம்.

வலது கையின் விரல்கள் முழுதாகத் திரும்பவில்லை. டிக்கெட் கிழிக்க முடியாது. விசில் ஊதினால் உதட்டின் ஓரம் காற்று கசிகிறது. மருத்துவக் குழு பார்த்துவிட்டு டிப்போவிலேயே லேசான வேலை கொடுத்தார்கள். கேட்டருகே உட்கார்ந்து வெளியே போகும் வண்டிகளின் எண்ணையும் நேரத்தையும் எழுதுகிறேன், இடது கையால். குத்தம்பாக்கம் புது பஸ் நிலையத்துக்கு மாற்றிவிடப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு இருக்கிறது. மாற்றினால் போவேன். ரத்தத்தை இளக்கும் மாத்திரையை மனைவி தினமும் மறக்காமல் கையில் வைக்கிறாள். கேன்காரர் வீட்டு விசேஷங்களுக்கு நாங்கள்தான் முதல் ஆள்.

ஆவடி நர்ஸும் எங்களை விடவில்லை. அவர் பார்த்த வேறு ஒரு நோயாளிக்கு என் எண்ணைக் கொடுத்தார். அம்பத்தூரில் கணவரோடு சின்னதாக லேத் பட்டறை நடத்தும் ஒரு அம்மா. அவருக்கும் தொற்றோடு வந்த அடைப்புதான். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போகத் தாமதமாகிவிட்டது. அவருக்கு மிஞ்சியது ஒரே சொல், "அப்பறம்". ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். முதல் நாள் என்ன பேசுவதென்று தெரியாமல், பூந்தமல்லி சந்தை நாளில் என் பஸ்ஸில் கோழிகள் அவிழ்ந்துகொண்ட கதையைச் சொன்னேன். அப்பறம் என்றார். சொன்னேன். அப்பறம் என்றார். அவர் வேறு எதையோ சொல்ல நினைத்திருக்கலாம், நிறுத்து என்றுகூட. எனக்கு அது தெரியும். ஆனாலும் நான் நிறுத்தவில்லை, அவரும் வைக்கவில்லை. அரைமணி நேரம் போயிற்று.

இரண்டு வருடத்துக்கு மேலாயிற்று. போன ஞாயிறு அந்த அம்மா, தன் மகன் கல்யாணத்தில் சமையல்காரர் சாம்பாரில் செய்த அநியாயத்தைப் பற்றி ஒரே மூச்சில் பேசினார். பருப்பு என்ற சொல் வராமல், மஞ்சளா இருக்குமே அது என்றார். வரட்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அவர் அதை விட்டுவிட்டு ரசத்துக்குப் போய்விட்டார். எனக்கு நடுவே புக இடமே கிடைக்கவில்லை. இடது காது சுட்டது. மனைவி வாசலில் நின்று, இன்னும் முடியலியா என்று கையால் கேட்டாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.